மதாம் நிற்கும் இடம்

9 ஜனவரி 1956, திங்கள்

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குதிரை வந்து நின்றது. சாம்பல் நிறப் பெண் குதிரை. என்னை ஒரு தடவை பார்த்தது. பார்த்தது போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வருவதில்லை.

பிடித்துக்கொண்டு வந்தவர் கருப்பையன். என் வருங்கால மாமனார் சேக் அலாவுதீன் வீட்டில் குதிரையைப் பார்த்துக்கொள்கிறவர். "மொதலாளி, கல்யாணத்துக்குள்ள பழகிக்கிடச் சொல்லி அனுப்புனாங்க. பேரு மதாம்" என்றார். சைகோனில் எங்கள் துணிக்கடையை மூடிவிட்டு ஊர் திரும்பிய பிறகு என்னை முதலாளி என்று கூப்பிட்ட முதல் மனிதர். அதற்காகவே அவருடைய மற்றக் குறைகளை மன்னிக்கலாம்.

காரைக்காலில் மற்ற மாப்பிள்ளைகள் எல்லாரும் பூச்சுற்றிய காரில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். எனக்கு மட்டும் குதிரை. காரணம், உம்மா. சைகோன் மிருகக்காட்சித் தோட்டத்தில் நான் ஒரு மட்டக்குதிரைமேல் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படத்தைப் பெண் வீட்டில் காட்டியிருக்கிறாள். கடிவாளத்தைப் பிடித்திருந்த காவல்காரன் படத்துக்கு வெளியே போய்விட்டான். என் முகத்தில் தெரிகிற கம்பீரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால் வந்தது. அலாவுதீன் மாமா அதைப் பார்த்துவிட்டு, "குதிரை தெரிஞ்ச மாப்புள" என்று பூரித்துப் போனாராம். அவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை குதிரையில் வருவதுதான் வழக்கமாம்.

ஆரிபாவை நான் பார்த்ததில்லை. உம்மா பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருக்கா, கொஞ்சம் பிடிவாதம்" என்றாள். இன்று மதாமைப் பார்த்துவிட்டும் அதையேதான் சொன்னாள்.

10 ஜனவரி

ஏறினேன். இறங்கினேன். இரண்டாவது என் விருப்பத்தில் நடந்ததல்ல.

13 ஜனவரி, வெள்ளி

தெருவில் விழுந்தால் ஊர் பார்க்கும் என்று கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரைக்குப் போனோம். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த குப்பமே பார்த்தது. மணல் மெத்தென்று இருக்கும் என்று சொன்னவன் குதிரையிலிருந்து விழுந்ததில்லை என்பது இன்று உறுதியாயிற்று.

கருப்பையனின் ஆலோசனைகள்: முதலில், "கெட்டியா பிடிங்க." பிறகு, "ஏன் இப்புடிக் கெட்டியா பிடிக்கிறீங்க?" அப்புறம், "அது மூக்கப் பாருங்க." அதன் பிறகு, "அத ஏன் பாக்குறீங்க, முன்னால பாருங்க." எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தபோதுதான் விழுந்தேன்.

மதாமுக்குப் பிடிக்காதவை: குடை, நண்டு, கிழக்கேயிருந்து வரும் காற்று, நான். தூரத்தில் ஒருவர் குடை விரித்ததற்கே பக்கவாட்டில் பத்தடி துள்ளியது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை தலைக்குமேல் ஜரிகைக் குடை பிடிப்பார்கள். இதை நினைத்துக்கொண்டே ஜும்மா தொழப் போனேன். துஆ நீண்டுவிட்டது.

17 ஜனவரி

ஆரிபாவின் தம்பி நூகு வந்தான். பதினெட்டு வயசு. பிறரை மிரட்டும் செய்தியைச் சிரிக்காமல் சொல்லத் தெரிந்த பிள்ளை.

"மச்சான், லாத்தா ஒரு சேதி சொல்லச் சொன்னிச்சு."

கல்யாணத்துக்கு முன் பெண் சேதி அனுப்புகிறாளே என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"மதாம் மேல சாட்டை பட்டுச்சுன்னு தெரிஞ்சா, சம்மதம் கேட்டு வர்றவங்ககிட்ட இல்லன்னு சொல்லிடுமாம். சபையில எத்தன பேரு இருந்தாலும் சரியாம்."

குளிர்ச்சி அப்படியே காய்ச்சலாக மாறியது. நிக்காஹ் நாளன்று ஊர்வலம் முடிந்த பிறகுதான் பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்பார்கள். அந்தப் பெண் "இல்லை" என்று சொன்னதாக இந்த ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. முதல் பெருமை எனக்குக் கிடைக்கலாம்.

நூகு போகும்போது சொன்னான்: "லாத்தா சொன்னா செஞ்சிடும், மச்சான்."

22 ஜனவரி, ஞாயிறு

இன்று துணிந்து ஊர்வலப் பாதையிலேயே போனேன். ஆற்றுப் பாலத்துக்குத் திரும்பும் முக்கில் மரியசூசை அண்ணனின் சாராயக்கடை. எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. ஆகவே பக்கத்து ஜில்லாக்காரர்கள் பூவம் வழியாகக் காரைக்காலின் இயற்கை அழகை ரசிக்க வருகிறார்கள். இயற்கை அழகு பெரும்பாலும் அந்தக் கடைக்குள்தான் இருக்கிறது.

மதாம் நேராகக் கடைவாசலில் போய் நின்றது. வாசலைப் பார்த்தபடி. நான் கடிவாளத்தை இழுத்தேன். குதிகாலால் தட்டினேன். கெஞ்சினேன். சிலை.

அஸர் தொழுகைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போகவேண்டும் என்பது அல்லாஹ்வின் ஏற்பாடு. வாப்பாவின் பழைய சிநேகிதர்கள் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்தார்கள், கடையைப் பார்த்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் குதிரைமேலிருந்து ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

மரியசூசை அண்ணன் வெளியே வந்தார். "தம்பி, ஒங்கள உள்ள வாங்கன்னும் சொல்ல முடியல, போங்கன்னும் சொல்ல முடியல" என்றார். பிறகு விவரம் சொன்னார். மதாம் முன்பு ஒரு பிரெஞ்சு சுங்கத்துரையின் குதிரை. துரை தினமும் சாயங்காலம் இங்கே வருவாராம். ஐம்பத்துநாலில் கொடி மாறியதும் துரை கப்பலேறிவிட்டார். அலாவுதீன் மாமா குதிரையை வாங்கினார். குதிரையோடு வழக்கமும் வந்துவிட்டது. கடைசியில் கருப்பையன் அதன் மூஞ்சியைத் திருப்பி வந்த வழியே கொண்டுவந்து சேர்த்தார்.

23 ஜனவரி

சைகோனிலிருந்து வந்தவன் குடிப்பானாம். உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக இன்று மட்டும் நாலு பேர் வந்தார்கள். அக்கறையுள்ள ஊர்.

29 ஜனவரி, ஞாயிறு

ஒரு கண்டுபிடிப்பு. மதாமுக்குத் தமிழ் பிடிக்காது. அல்லது கருப்பையன் பேசும் தமிழ் பிடிக்காது.

கடற்கரையில் இன்று அது காதைப் பின்னால் மடித்துக்கொண்டு முறைத்தபோது, வேறு வழி தெரியாமல் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பேசினேன். எனக்குத் தெரிந்தது துணிக்கடைப் பிரெஞ்சு. சைகோனில் வெள்ளைக்காரச் சீமாட்டிகளிடம் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம்: "இது சாயம் போகாது, மதாம்." உள்ளபடியே அந்தத் துணிகள் முதல் சலவையிலேயே வெளுத்துவிடும்.

காது முன்னால் வந்தது. மறுபடி சொன்னேன். தலையைத் தாழ்த்தி என் தோளை முகர்ந்தது. இரண்டு வருஷமாக யாரும் அந்த மொழியில் அதனிடம் பேசியிருக்கமாட்டார்கள். நான் சாட்டின் துணியின் அகலம், லினனின் உறுதி, லேஸ் கரை எல்லாவற்றையும் விவரித்தேன். கடற்கரை முழுக்க என்னைச் சுமந்துகொண்டு கேட்டது. என் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையான வாடிக்கையாளர் கிடைத்ததில்லை.

5 பிப்ரவரி, ஞாயிறு

விழவில்லை! இதைப் பதிவு செய்வது அவசியம்.

கடிவாளத்தை நான் இறுக்கிப் பிடிக்கிறபோதெல்லாம் அவளுக்கு வாய் வலிக்கிறது. வாய் வலித்தால் கோபம். அவளுக்குக் கோபம் வந்தால் எனக்குப் பயம். பயம் வந்தால் நான் இன்னும் இறுக்குகிறேன். இப்படி மாற்றி மாற்றி ஒரு மாதமாக ஒருவரையொருவர் சித்திரவதை செய்துகொண்டிருக்கிறோம். இன்று வாரைத் தளர்த்திவிட்டு, போகிற இடத்துக்குப் போ என்று உட்கார்ந்திருந்தேன். ஓடினாள். ஈரமணலில் அவள் ஓட, நான் மேலே இருந்தேன், அவ்வளவுதான். சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். சைகோனில் கடையைப் பூட்டிய நாளுக்குப் பிறகு இதுதான்.

"நான் சொல்லிக் குடுத்தது வீண்போவல" என்றார் கருப்பையன்.

8 பிப்ரவரி, புதன்

மறுபடி சாராயக்கடை. மறுபடி சிலை. கருப்பையன் இன்று என்னோடு வரவில்லை. இருக்கப் பொறுக்காமல் நானே இறங்கினேன். அவள் கழுத்தில் சாய்ந்துகொண்டு நின்றேன். ஊர் பார்க்கட்டும், இனி பார்க்க என்ன மிச்சம்? சற்று நேரம் கழித்து, நடந்து போக வெட்கப்பட்டுத் திரும்ப ஏறினேன்.

நடக்க ஆரம்பித்துவிட்டாள். தட்டவில்லை, சொல்லவில்லை. தானாக.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. துரை அங்கே இறங்கி உள்ளே போவார், வெளியே வந்து ஏறுவார், ஏறியதும் இவள் நடப்பாள். இப்போது அவள் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது, அந்த ஆள் வெளியே வருவார் என்று. இரண்டு வருஷமாக அவர் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஏறுகிறவன் ஒருவன் கீழேயிருந்து ஏறினால்தான் அவளுக்குக் கணக்கு முடிகிறது.

சின்ன வயசில் சைகோன் கப்பல் வரும் நாளெல்லாம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்பேன். அங்கே கடை வைத்திருந்த வாப்பா வருவார் என்று. படகு படகாக ஆள் இறங்கும். எல்லாரும் இறங்கி முடிந்த பிறகும் நிற்பேன். ஒரு தடவை யாரோ, "போடா, வீட்டுக்குப் போ" என்று முதுகில் ஒன்று வைத்தார். அந்த அடி இன்றைக்கும் ஞாபகமிருக்கிறது.

இவளை நான் அடிக்கமாட்டேன். ஆரிபா சேதி அனுப்பியிருக்காவிட்டாலும்.

12 பிப்ரவரி, ஞாயிறு

அலாவுதீன் மாமாவைப் போய்ப் பார்த்தேன். ஊர்வலம் வேறு தெரு வழியாகப் போகலாமா என்று பணிவாகக் கேட்டேன்.

"நான் வந்த தெரு அது. எங்க வாப்பா வந்த தெரு. நீங்க மட்டும் சந்துல நுழைஞ்சு வரப்போறீங்களா மாப்புள?"

சரி, நடுவில் ஒரே ஒரு இடத்தில் இறங்கி ஏறிக்கொள்ளலாமா?

அவர் முகம் சுருங்கிய விதத்தைப் பார்த்தால் நான் நிக்காஹுக்குப் பிறகு தலாக் எப்போது என்று கேட்டுவிட்டதுபோல் இருந்தது. அவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை தன் வீட்டு வாசலில் ஏறினால், பெண் வீட்டு வாசலில் மச்சினன் கைகொடுத்து இறக்குகிறவரை கால் தரையில் படக்கூடாது. "நடுத்தெருவுல எறங்குனா வாழ்க்கையும் நடுத்தெருவுல நிக்கும்." மறுபேச்சு இல்லை.

ஆக, தகப்பனார் சொல்கிறார், இறங்காதே. மகள் சொல்கிறாள், அடிக்காதே. குதிரை சொல்கிறது, இரண்டில் ஒன்றைச் செய். நல்ல குடும்பம்.

20 பிப்ரவரி

கடையைத் தாண்ட எடுத்த முயற்சிகள்: வேகமாக ஓட்டிப் பார்த்தது, கண்ணை மறைத்தது (கருப்பையன் யோசனை), வெல்லம் காட்டியது, கருப்பையனைக் கடைக்குள் அனுப்பி, துரை மாதிரி வெளியே வரச் சொன்னது. அவர் தொப்பி வைத்துக்கொண்டு ரொம்ப உற்சாகமாகச் செய்தார். உள்ளே போனவர் வெளியே வர அரைமணி நேரமாயிற்று. மதாம் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

குடைக்கு மட்டும் பழகிவிட்டாள். நான் மேலே இருந்து பேசிக்கொண்டிருந்தால் யார் விரித்தாலும் காதை மட்டும் ஆட்டுகிறாள். என்னை நம்புகிறாள் போலிருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு நான் என்ன செய்துவிட்டேன்? வெளுத்துப்போகிற துணியைப் பற்றிப் பேசினேன்.

3 மார்ச், சனி

நாளைக்கு நிக்காஹ். பயமா இருக்கு. வேற எழுத ஒண்ணுமில்ல.

5 மார்ச், திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

அஸருக்குப் பிறகு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பகீர்கள் தப்ஸ் தட்டிப் பைத் பாடினார்கள். தலைக்குமேல் ஜரிகைக் குடை. முகத்தை மறைத்துப் பூச்சரம். அலாவுதீன் மாமாவும் நூகுவும் என்னை அழைத்துப் போக வந்தவர்கள், பக்கத்தில் நடந்தார்கள். மதாம் குடையைப் பொருட்படுத்தவில்லை, தப்ஸைப் பொருட்படுத்தவில்லை. தெருவெல்லாம் அவள் நடையைப் பார்த்து வியந்தது. நான் பூவுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

மரியசூசை அண்ணன் மரியாதைக்காகக் கடையை மூடி வைத்திருந்தார். அந்த நல்ல மனசு எனக்கு எமனாக வந்தது. மதாம் போய் நின்றாள். வாசலைப் பார்த்தாள். வாசல் மூடியிருந்தது. இரண்டு காதும் அந்தக் கதவையே பார்த்து நின்றன. நான் சொன்ன பிரெஞ்சு ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

பைத் ஒரு தடவை முடிந்து மறுபடி ஆரம்பமாயிற்று. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்கள்மேல் இடித்தார்கள். யாரோ சிரித்தார்கள். "பழகின எடம்ல" என்று ஒரு குரல். அலாவுதீன் மாமா முகம் சிவந்து, ஜட்கா வண்டிக்காரனின் சாட்டையைப் பிடுங்கி என் கையில் திணித்தார்.

"ரெண்டு போடுங்க மாப்புள. மானம் போவுது."

சாட்டை என் கையில் இருந்தது. ஊரே பார்த்தது. கீழே அவள் கழுத்து லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மூடிய கதவைப் பார்த்துத்தான் நடுங்கினாள். முதுகில் விழுந்த அந்தப் பழைய அடி நினைவுக்கு வந்தது.

சாட்டையை நூகுவிடம் கொடுத்தேன். இறங்கினேன்.

தப்ஸ் நின்றுவிட்டது. "கால கீழ வச்சிட்டாரே!" என்று யாரோ சொன்னார்கள். அலாவுதீன் மாமா தலையில் கை வைத்தார். நான் பூச்சரத்தை ஒதுக்கிவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். வர மாட்டாரு. வரவே மாட்டாரு. நான் இருக்கேன். இதையெல்லாம் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. ஆகவே, "சாயம் போகாது, மதாம்" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக அதை உண்மையாகச் சொன்னேன்.

நூகு தோள் கொடுத்தான். ஏறினேன். நடந்தாள்.

பெண் வீட்டில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாட்சிகள் சம்மதம் கேட்க உள்ளே போனார்கள். தரையில் கால் வைத்த மாப்பிள்ளையை அவளும் வேண்டாம் என்றால்? பாயின் நூலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவர்கள் உடனே திரும்பி வந்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பெண் சம்மதம் சொல்லிவிட்டதாம்.

என் மனைவி என்னிடம் பேசிய முதல் பேச்சு: "அங்க நின்னப்ப அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

"துணி வியாபாரம் பேசினேன்."

"படியுதா?"

"ஒரு வழியாப் படிஞ்சிடுச்சு" என்றேன்.

10 நவம்பர் 1957, ஞாயிறு

பாலத்து முக்கில் இன்று ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். வாடகைக் குதிரை, அடக்கமான கிழம். அது நிற்காமல் போக, வலிய நிறுத்தி, மாப்பிள்ளை இறங்கி ஏறினான். ஏன் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். என்னை யாரென்று தெரியாதவர். "அலாவுதீன் வூட்டு மாப்புள இப்புடித்தான் எறங்குனாராம். கடையும் வச்சு, ஆம்பளப் புள்ளையும் பொறந்து, நல்லா இருக்காராம்" என்றார்.

நல்லா இருக்கிறாராம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

25 ஜனவரி 1959, ஞாயிறு

நூகுவுக்கு நிக்காஹ். அவன் பிடிவாதமாகக் கார் வேண்டும் என்றான். மாமாவும் வயசாகி இளகிவிட்டார். கறுப்புக் கார், பூ, முன்னால் தப்ஸ்.

பாலத்து முக்கில் கார் நின்றது. கோளாறு என்று நினைத்தேன். மரியசூசை அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோஜா சர்பத் தட்டோடு தயாராக நின்றிருந்தார். பகீர்கள் யாரும் சொல்லாமலே பாட்டை நிறுத்தினார்கள். அலாவுதீன் மாமா கார்க் கதவைத் திறந்தார்.

"எறங்கு."

"கார்ல வர்றவன் எதுக்கு வாப்பா எறங்கணும்?"

"எறங்கி ஏறுடா. நம்ம குடும்ப வழக்கம். பெரியவங்க காரணமில்லாமயா வச்சிருப்பாங்க?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மாமா என்னைப் பார்த்து, நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்க என்பதுபோல் கையை விரித்தார். நான் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினேன். நூகு இறங்கினான், சர்பத் குடித்தான், கார்க் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு சற்று நின்றான், ஏறினான். பின்னால் திரை போட்ட வண்டிக்குள்ளிருந்து ஆரிபாவின் சிரிப்பு எனக்கு மட்டும் கேட்டது.

எல்லாம் முடிந்து சாயங்காலம் மதாம்மேல் ஏறி உலாவப் போனேன். மெல்லத்தான் போகிறாள், முழங்கால் வலி. பாலத்து முக்கு வந்ததும் நான் பழக்கதோஷத்தில் அங்கவடியிலிருந்து காலை எடுத்தேன். அவள் நிற்கவில்லை. போன மழைக்காலத்திலிருந்தே இப்படித்தான். முதலில் நம்பாமல் இதில் எழுதவில்லை. கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என்னை ஏற்றிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகிறாள்.

ஊர் முழுக்க நிற்கிற அந்த இடத்தில் இப்போது நிற்காதவள் மதாம் ஒருத்திதான்.